முறிந்த முதுகும் முறியா வாழ்வும்

முதுகெலும்பினுள் இறங்கும் தண்டுவடம் சிதைந்தால், சிதைந்த இடத்திற்குக் கீழுள்ள உடற்பகுதி அசைவையும் உணர்ச்சியையும் இழக்கும். இவ்வுண்மையைச் சற்றொப்ப 3,500 ஆண்டுகளுக்கு முன்பே எகிப்திய மருத்துவர் அறிந்திருந்தனர். எனினும், இது மருத்துவம் செய்தற்குரிய நோயன்று என்று அவர்தம் சுவடி ஒதுக்கிவிட்டது. வியப்பு யாதெனில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரையிலும் அத்தீர்ப்பு ஏறத்தாழ அவ்வாறே நிலைத்திருந்தமைதான். முதல் உலகப் போரில் தண்டுவடம் சிதைந்த வீரருள் பெரும்பாலோர் நெடுங்காலம் வாழவில்லை. அவர்களுள் பலரைக் கொன்றது குண்டன்று; படுக்கைப் புண்ணும், சிறுநீர்ப்பையில் தொடங்கி உடலெங்கும் பரவிய நச்சுமே.

இந்நிலையை மாற்றியவருள் முதன்மையானவர் லுட்விக் குட்மன். இட்லரின் கொடுமைக்குத் தப்பி 1939இல் செருமனியை விட்டு இங்கிலாந்து புகுந்த யூத மருத்துவர் அவர். 1944 பிப்ரவரியில் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் தண்டுவடக் காயத்திற்கெனத் தனிப்பிரிவு தொடங்கப்பட்டு, அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் கையாண்ட முறையில் மாயம் எதுவுமில்லை. இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை, இரவென்றும் பகலென்றும் பாராமல், நோயாளியைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். சிறுநீர்ப்பையைத் தூய்மை குன்றாமல் பேண வேண்டும். அவ்வளவே! ஆயின், அலுப்பூட்டும் இப்பணியே உயிர்களைக் காத்தது.

உயிர் பிழைத்தவன் எதற்காக வாழ்வது? இவ்வினா மருந்தினும் கடினமானது. குட்மன் நோயாளிகளைப் படுக்கையில் கிடக்க விடவில்லை. தச்சு வேலை, கடிகாரம் பழுது பார்த்தல், தட்டச்சு ஆகியவற்றில் ஈடுபடுத்தினார். 1948 ஜூலை 29 அன்று, இலண்டனில் ஒலிம்பிக் விழா தொடங்கிய அதே நாளில், மருத்துவமனைப் புல்வெளியில் சக்கர நாற்காலியில் அமர்ந்த 16 பேர் அம்பெய்து போட்டியிட்டனர். பன்னிரண்டு ஆண்டுகளில் அச்சிறு போட்டி உரோம் நகரம் வரை வளர்ந்தது.

தமிழகத்தில் இத்துறை வேரூன்றிய வரலாறோ, தண்டுவடக் காயத்தைத் தம் உடலிலேயே தாங்கிய ஒரு பெண் மருத்துவரின் வரலாறாகும். கேரளத்தில் 1925இல் பிறந்த மேரி வர்கீஸ் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். 1954 ஜனவரியில் நேர்ந்த கார் விபத்தில் முகம் சிதைந்தது. இரு கால்களும் என்றைக்குமாகச் செயலிழந்தன. அறுவை மருத்துவராகும் எண்ணம் அத்துடன் மண்ணாயிற்று என்றே எவரும் கருதியிருப்பர்.

அக்காலத்தில் வேலூரில் பால் பிராண்ட் என்னும் மருத்துவர், தொழுநோயால் மடங்கிய விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தி வந்தார். கை அறுவைக்கு நின்றுகொண்டிருக்க வேண்டுவதில்லை, அமர்ந்தே செய்யலாம். இந்த எளிய உண்மையே மேரிக்கு வழி திறந்தது. சக்கர நாற்காலியில் இருந்தவாறே அவர் தொழுநோயாளரின் கைகளைச் சீர்செய்தார். ஊரார் விலக்கி வைத்த அவர்களுக்கு, நடக்கவியலாத ஒருவர் தம் விரல்களை நிமிர்த்தித் தந்த காட்சி எத்துணை ஆறுதல் அளித்திருக்கும்!

அவர் அத்துடன் அமையவில்லை. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் தாமே மறுவாழ்வுப் பயிற்சி பெற்றார். நியூயார்க்கில் அத்துறையைக் கற்றார். திரும்பி வந்து வேலூரில் அதற்குரிய துறையைத் தலைமையேற்று நடத்தினார். 1966இல் நோயாளிகள் தங்கிப் பயிலும் மறுவாழ்வு நிலையமும் எழுந்தது.

இத்தகைய பயிற்சியில் கற்பவை சிறியனவாகத் தோன்றும். கைகளை ஊன்றி இருக்கையினின்று உடலை அடிக்கடி உயர்த்துதல் ஒன்று. கண்ணாடி பிடித்து முதுகிலும் தொடையிலும் புண் உண்டா என நாள்தோறும் பார்த்தல் மற்றொன்று. தோல் சொல்ல மறந்ததைக் கண்தானே சொல்ல வேண்டும்? கட்டிலிலிருந்து நாற்காலிக்குப் பிறர் துணையின்றி மாறக் கற்ற நாளே பலருக்கு வாழ்வு மீண்ட நாள். வீட்டாரும் உடன் கற்க வேண்டும். வாசற்படி உயர்ந்த சிற்றூர் வீட்டில், மருத்துவமனையில் பெற்ற திறன் அவர்தம் துணையின்றி நிலைக்காது. நோயாளி கேளாமலே எல்லாவற்றையும் செய்து கொடுக்கும் அன்பும் சில வேளைகளில் தடையாவதுண்டு.

1972இல் இந்திய அரசு மேரிக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. 1986இல் அவர் மறைந்தார். விபத்துக்கு முன் அவர் வாழ்ந்த ஆண்டுகள் 28; அதன் பின்னர் வாழ்ந்தவை 32.