யாருடைய முறை இன்று?

பழவேற்காடு ஏரியின் 'பாடு' முறையைப் பற்றி முதலில் படித்தபோது நானும் வியந்தேன். முகத்துவாரத்தை ஒட்டி இறால் நிறையக் கிடைக்கும் இடங்கள் சில மட்டுமே. வலுத்தவர்கள் அவற்றை வளைத்துக்கொள்ளாதபடி, கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களின் பட்டினவர்கள் முறை வைத்துச் சுத்துவலை கட்டுகிறார்கள். எந்த நாள் யாருடைய முறை என்பது முன்பே தெரியும். தவறினால் ஊர் கேட்கும்.

ஆனால் முறைப் பட்டியலில் இடம்பெற ஒருவர் 'தலைக்கட்டு' ஆக வேண்டும். தலைக்கட்டு என்றால் ஆண். அப்பாவின் உரிமை மகனுக்கு வரும், மகளுக்கு வராது.

பெண்கள் ஏரியை நம்பி வாழவில்லையா? பட்டினவப் பெண்கள் மீன் விற்கிறார்கள், கருவாடு போடுகிறார்கள். இருளர் பெண்கள் தண்ணீரில் இறங்கி, சேற்றைத் துழாவிக் கையாலேயே இறால் பிடித்துப் பறியில் சேர்க்கிறார்கள். மகனாகப் பிறந்தவனுக்கு அதுவே தகுதி. ஆயுள் முழுக்கச் சேற்றில் பழகிய விரல்களுக்குப் பாடு இல்லை. இருளர் பெண்ணைப் பாலினத்தோடு சாதியும் சேர்ந்தே வெளியே நிறுத்துகிறது.

கரையில் கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன். "எங்க வீட்டுக்காரர் போனப்புறம் பாடு பையனுக்குப் போச்சும்மா. எனக்கு எப்பவும் இந்தக் கூடைதான்" என்றார்.

அந்தக் கூடைக்கும் ஆபத்து வந்தது. 1953இல் கேரளத்தில் இந்தோ-நார்வே திட்டம் தொடங்கியது. அதன்பின் உறையவைத்த இறால் ஏற்றுமதிச் சரக்காக வளர்ந்தது, தமிழகக் கரைகளையும் எட்டியது. ஐஸ் பெட்டியோடு வியாபாரிகள் கரைக்கே வந்தார்கள். வலையில் விழுந்த இறாலுக்கு விலை கூடியது. ஆனால் அதைத் தலையில் சுமந்து விற்ற பெண்ணின் கைக்கு அது வராமல் போனது. ஓர் ஆணின் முறை பறிபோயிருந்தால் ஊர் கூடிப் பேசியிருக்கும். பெண்ணின் வேலைக்குப் பட்டியலே இல்லாததால், அவள் இழந்ததற்குப் பஞ்சாயத்தும் இல்லை.

பாடு முறையில் நீதி இல்லை என்று நான் சொல்லவில்லை. பட்டியலில் இருக்கும் ஆண்களுக்கிடையே அது நீதிதான். யார் எந்த வேலைக்குப் பொருத்தம் என்று பேசும்போதெல்லாம், அந்த வேலையை வேலையாக எண்ணியவர் யார் என்பதையும் நாம் கேட்க வேண்டும். ஏரியின் வரலாற்றை எழுதும்போது சுத்துவலைக்குப் பக்கத்திலேயே கூடையையும் பறியையும் வைத்து எழுதுவோம்.