சாரதியை அளக்கும் கோல்

மாரெட்பள்ளியில் வாழும் நமக்குப் பட்டாளத்து லாரிகள் புதியவை அல்ல. 1806-இல் செகந்தராபாத் படைவீடு தோன்றிய பின், சென்னைப் படைகளை ஒட்டித் தமிழ்க் குடும்பங்கள் பலவும் இப்பக்கம் வந்து குடியேறின. திருமலகிரி வழியே வரும் லாரிக்கு ஒதுங்கி நிற்கிறோம். அதை ஓட்டுகிறவனை எப்படிப் பொறுக்கி எடுத்தார்கள் என்று எண்ணுவதில்லை.

1912-ஆம் ஆண்டில் ஹார்வர்டு சர்வகலாசாலைப் பேராசிரியர் ஹியூகோ மூன்ஸ்டர்பெர்க், பாஸ்டன் நகர டிராம் ஓட்டுநர்களைச் சோதித்தார். சிறிய மாதிரி டிராம் அவருக்குத் திருப்தி தரவில்லை. பொம்மையின் முன் மெய்யான வீதியின் மனநிலை எழாதல்லவா? ஆகவே ஓர் அட்டையில் தண்டவாளமாக இரு கோடுகள் வரைந்து, இருபுறமும் எண்களை நிரப்பினார். 1 என்பது மனிதன், 2 குதிரை, 3 மோட்டார். ஒவ்வொன்றும் அத்தனை கட்டம் நகரும். கறுப்பு எண் தண்டவாளத்துக்கு இணையாகச் செல்லும். சிவப்பு எண் அதை நோக்கி வரும். எது தண்டவாளத்தில் வந்து நிற்கும் என்று கண்டு சொல்ல வேண்டும். கையின் வேகத்தை விட முன்னறியும் கவனத்தையே அவர் தேடினார். 1915-இல் மோடே, பியோர்கோவ்ஸ்கி என்னும் இருவர் ஜெர்மானிய ராணுவ மோட்டார் ஓட்டுநர்களுக்கு இத்தகைய பரீட்சைகளை ஏற்படுத்தினர்.

நம் நாட்டில் இரண்டாம் உலக யுத்தத்தின்போது சுமார் 2 லட்சமாக இருந்த சேனை 20 லட்சத்துக்கு மேல் பெருகிற்று. அதிகாரிகளைத் தேர மனோதத்துவ முறை 1943-இல் டேராடூனுக்கு வந்தது. ஆனால் லாரி ஓட்ட வந்தவரில் பலர் சுக்கானைத் தொட்டே அறியாத கிராமத்து இளைஞர்கள். அன்று, 'கியர் எதற்கு?' என்னும் கேள்வி ஒருவனை மற்றொருவனிடமிருந்து பிரித்துக் காட்டியிருக்கும். இன்று ஸ்கூட்டரில் வளரும் பையன்கள் எல்லோரும் விடை சொல்லிவிடுவர், கேள்வி பயனற்றதாகிவிடும். கைப்பிடி சுழற்றி எஞ்சினைக் கிளப்பும் படத்தைக் காட்டினாலோ, கெட்டிக்காரனும் விழிப்பான். 1959-இல் ஜபல்பூரில் உருவாகத் தொடங்கிய சக்திமான் போய், சென்னை அசோக் லேலண்டின் ஸ்டாலியன் வந்தது. வண்டியும் பையனும் மாறிய பின் பழைய தேர்ச்சி மதிப்பெண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட நமக்கு இன்னொன்றும் தெரியும். கியரைப் 'பற்சக்கரம்' என்று எழுதினால், பரீட்சை அவனுடைய சொல்வளத்தை அளக்குமேயன்றி ஓட்டும் திறனை அன்று.

புதிய பரீட்சை சரியானதா என்று பார்க்க, தேறியவர்களின் பயிற்சியையும் விபத்துகளையும் ஆண்டுக்கணக்கில் ஒப்பிட வேண்டும். லாரியின் பின்புறம் அமர்ந்து மலைப்பாதை ஏறும் இருபது பேரின் உயிர் அக்கணக்கில் அடங்கியிருக்கிறது. தவறியவனோ ஊர் திரும்பிவிடுகிறான். அவன் நன்றாக ஓட்டியிருப்பானா என்பது எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.