அறிவியல் மாணவர்களுக்கு அறவியல் பாடம் எதற்கு?

நன்றாகப் படித்த விஞ்ஞானி தவறு செய்யமாட்டார் என்று பலரும் நம்புகிறார்கள். வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

1946 டிசம்பரில் ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரில், அமெரிக்க நீதிபதிகள் முன் ஒரு வழக்கு தொடங்கியது. கூண்டில் நின்ற 23 பேரில் 20 பேர் மருத்துவர்கள். நாஜி முகாம்களில் கைதிகளை உறையும் நீரில் அமிழ்த்தியும், நோய்க்கிருமிகளைச் செலுத்தியும் சோதனை செய்தார்கள் என்பது குற்றச்சாட்டு. 1947 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. 7 பேருக்குத் தூக்கு. சோதனைக்கு உள்ளாகும் மனிதரின் சம்மதம் கட்டாயம் என்று தொடங்கும் 10 நியூரம்பெர்க் விதிகள் அந்தத் தீர்ப்பில்தான் இடம்பெற்றன.

ஜெர்மனியில் அறவியல் சொல்லித்தராததுதான் காரணமா? ஆச்சரியம் என்னவென்றால், 1939 முதல் அங்கே மருத்துவ மாணவர்களுக்கு மருத்துவரின் கடமைகள் பற்றிய பாடம் கட்டாயமாக இருந்தது! ஆனால் தனி நோயாளியைவிட இனத்தின் நலனே பெரிது என்று அதில் போதித்தார்கள்.

சரி, தீர்ப்புச் சொன்ன அமெரிக்கா ஒழுங்காக இருந்ததா? அலபாமா மாநிலத்தின் டஸ்கீகி பகுதியில், 1932 முதல் அந்நாட்டின் பொது சுகாதாரத் துறை ஓர் ஆய்வு நடத்தியது. சிஃபிலிஸ் நோய் இருந்த 399 கறுப்பின ஆண்களுக்கு, நோய் இன்னதென்று சொல்லாமல், 'கெட்ட ரத்தம்' என்று மட்டும் சொன்னார்கள். 1940-களின் இறுதியில் பெனிசிலின் தாராளமாகக் கிடைத்த பிறகும் அவர்களுக்குக் கொடுக்கவில்லை. சிகிச்சை இல்லாவிட்டால் நோய் எப்படி முற்றும் என்று பார்ப்பதுதான் நோக்கம். இதன் முடிவுகள் மருத்துவ இதழ்களிலேயே வெளிவந்தன. படித்த மருத்துவர்களில் பெரும்பாலோர் வாய் திறக்கவில்லை.

வாய் திறந்தவர்களில் முக்கியமானவர், அதே துறையில் நோயாளிகளைப் பேட்டி காணும் வேலையில் இருந்த பீட்டர் பக்ஸ்டன். அவர் மருத்துவர் அல்ல. ஆனால் நியூரம்பெர்க் வழக்கைப் படித்திருந்தார். இரண்டையும் ஒப்பிட்டு மேலதிகாரிகளுக்கு எழுதினார். அவர்கள் கேட்கவில்லை. கடைசியில் பத்திரிகையாளரிடம் சொன்னார். 1972 ஜூலையில் செய்தி வெளியானது; அந்த ஆண்டே ஆய்வு நின்றது.

அதன் பிறகுதான் 1974-இல் சட்டமும், 1979-இல் பெல்மான்ட் அறிக்கையும் வந்தன. மனிதருக்கு மரியாதை, நன்மை செய்தல், நீதி என்ற 3 கொள்கைகளை அந்த அறிக்கை வகுத்தது. 1990 முதல், தேசிய சுகாதார நிறுவனத்தின் பயிற்சி நிதி பெறும் ஆராய்ச்சி மாணவர்களுக்கு ஆய்வு நெறிமுறைப் பயிற்சி கட்டாயமானது.

பாடம் இருந்த ஜெர்மனியும் தவறியது, விதிகளைச் சொன்ன அமெரிக்காவும் தவறியது. டஸ்கீகியை நிறுத்தியது ஒருவர் கேட்ட கேள்வி. "இது சரியா?" என்று மேலதிகாரியிடமே கேட்கும் துணிவைத் தராத அறவியல் வகுப்பு, மதிப்பெண்ணுக்கு மட்டுமே உதவும்.