மாநிலக் கல்லூரியில் ஒரு சித்தப்பாவும் அண்ணன் மகனும்

"கேம்பஸ்ல கிடைக்கிற வேலைக்குப் போறதா, ரிசர்ச் பக்கம் போறதா, இல்ல கவர்மென்ட் பரீட்சை எழுதுறதா?" கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளிடம் பேசினால் இந்தக் கேள்வி எப்படியும் வந்துவிடும். ஏதோ நம்ம ஐடி காலத்துக் கேள்வி மாதிரி தெரியும். ஆனால் சென்னை மாநிலக் கல்லூரியில் நூறு வருடத்துக்கு முன்பே இதே கேள்வியோடு மாணவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒரே குடும்பத்தைச் சேர்ந்த இருவர் கதையைப் பார்ப்போம்.

முதலாமவர் சி.வி. ராமன். எம்.ஏ. படிக்கும்போது நிறமாலைமானியில் முப்பட்டகத்தின் கோணத்தை அளக்கும் வழக்கமான லேப் வேலை. அதில் ஒளிப்பட்டைகள் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லாததைக் கவனித்தார். ரெக்கார்டு நோட்டில் எழுதி மூடி வைக்கவில்லை. ஏன் என்று நோண்டி, கட்டுரையாக எழுதி லண்டனுக்கு அனுப்பினார். 1906 நவம்பரில் 'ஃபிலசாஃபிகல் மேகஸின்' அதை வெளியிட்டது. அப்போது அவருக்கு வயது 18.

சரி, ஆராய்ச்சி வரும் என்று தெரிந்துவிட்டது. சம்பளம்? ஆராய்ச்சிக்கென்று சம்பளம் கொடுக்க அன்றைய இந்தியாவில் கிட்டத்தட்ட இடமே கிடையாது. ஐ.சி.எஸ். பரீட்சை அப்போது லண்டனில் மட்டும்தான். இங்கிலாந்துக் குளிர் உடம்புக்கு ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட, அந்தக் கதவும் மூடியது. மிச்சம் இருந்தது இந்திய நிதித்துறைப் பணி. அண்ணன் சுப்பிரமணிய ஐயர் ஏற்கெனவே அதில் இருந்தார். ராமன் இயற்பியலுக்குச் சம்பந்தமில்லாத பாடங்களையும் படித்துப் பரீட்சை எழுதி முதலிடம் பெற்றார். 1907ல் கல்கத்தாவில் உதவி அக்கவுன்டன்ட் ஜெனரல்.

பெரும்பாலான கதைகள் இங்கே முடிந்துவிடும். ராமன் டிராமில் போகும்போது பவ்பஜார் தெருவில் ஒரு பெயர்ப்பலகையைப் பார்த்து இறங்கியதாகச் சொல்வார்கள். மகேந்திரலால் சர்க்கார் 1876ல் தொடங்கிய அறிவியல் வளர்ச்சிக் கழகம் அது. ஆபீசுக்கு முன்னும் பின்னும் அங்கே ஆய்வு. பத்து வருடம் இப்படி ஓடியது. 1917ல், குறைந்த சம்பளத்துக்குப் பேராசிரியர் வேலையை ஏற்றுக்கொண்டார்.

இரண்டாமவர் அந்த அண்ணனின் மகன் சந்திரசேகர். 1925ல் மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். அப்பாவின் ஆசை ஐ.சி.எஸ். பையனுக்கோ கணிதம். கடைசியில் இயற்பியல் ஆனர்ஸ் என்று ஒரு சமரசம். 1928 கோடையில் கல்கத்தா போய் சித்தப்பாவின் ஆய்வகத்தில் இருந்துவிட்டு வந்தார். அதே வருடம் ஜெர்மன் இயற்பியலாளர் சோமர்ஃபெல்ட் சென்னை வந்தபோது நேரில் போய்ப் பார்த்தார். நீ படித்திருக்கும் இயற்பியல் பழசாகிவிட்டது என்று அவர் சொல்ல, தன் புதிய கட்டுரையின் அச்சுப் படிகளையும் கொடுத்தார். அதை வைத்துப் படித்து எழுதிய கட்டுரை 1929ல் லண்டன் ராயல் சொசைட்டி இதழில் வந்தது. 1930ல் அரசு உதவித்தொகையோடு கேம்பிரிட்ஜ். அப்பா விரும்பிய ஐ.சி.எஸ். நடக்கவில்லை.

1930ல் சித்தப்பாவுக்கும் 1983ல் அண்ணன் மகனுக்கும் நோபல் கிடைத்தது உண்மைதான். ஆனால் மாணவர்களுக்கு அதைவிட முக்கியமாக நான் நினைப்பது வேறொன்று. இரண்டு பேரும் "எனக்கு எதில் ஆர்வம்?" என்று உட்கார்ந்து யோசித்துக்கொண்டே இருக்கவில்லை. மாணவராக இருக்கும்போதே ஒரு சின்ன வேலையை முழுசாகச் செய்து, தெரியாத ஆட்களின் பார்வைக்கு அனுப்பிவிட்டார்கள். நிதித்துறைக்குப் போன ராமன் தான் எதை விட்டுவிட்டுப் போகிறோம் என்று தெரிந்தே போனார். அதனால்தான் அந்தப் பெயர்ப்பலகை அவர் கண்ணில் பட்டிருக்க வேண்டும்.

படித்த குடும்பம், சம்பளக்கார அண்ணன், ஆய்வக வசதி எல்லாம் எல்லோருக்கும் வாய்க்காது. அதை மறைத்துவிட்டுப் பேசக்கூடாது. முதல் சம்பளத்தில் கடன் அடைக்க வேண்டிய வீட்டுப் பிள்ளையிடம் வேலையை விடு என்று நான் சொல்ல மாட்டேன். வேலைக்குப் போ. ஆனால் ஃபைனல் இயர் முடிவதற்குள், மார்க்குக்காக இல்லாமல், ஒரே ஒரு வேலையை முழுசாக முடித்து ஒரு அந்நியரிடம் காட்டிவிடு. பத்து வருடம் கழித்து எங்கே திரும்பி வரலாம் என்பதாவது தெரிந்திருக்கும்.