துகள் பிறக்கும் இடம்: துளியா, சோப்பா, தண்ணீரா?

மலாயாத் தோட்டங்களில் வேலை செய்த தமிழர்கள் ரப்பர் மரத்தைப் பால்மரம் என்றுதான் சொன்னார்கள். சரியான பெயர். அதிலிருந்து வடிவது, நுண்ணிய ரப்பர் துகள்கள் தண்ணீரில் மிதக்கிற ஒரு பால். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பான் கைக்குப் போனது. கொஞ்ச நாளிலேயே அமெரிக்காவுக்கு வந்துகொண்டிருந்த இயற்கை ரப்பரில் ஏறக்குறைய 90 சதவீதம் நின்றுபோனது. டயர் இல்லாமல் எந்தப் படையும் நகராது. அந்தப் பாலை மரமே இல்லாமல் ஆலையில் செய்தாக வேண்டிய கட்டாயம்.

செய்முறைக்குப் பஞ்சமில்லை. ஜெர்மானியர்கள் 1930களிலேயே 'பூனா எஸ்' என்ற செயற்கை ரப்பரைச் செய்துகொண்டிருந்தார்கள். பியூட்டடையீன் மூன்று பங்கு, ஸ்டைரீன் ஒரு பங்கு, சோப்புத் தண்ணீர், கொஞ்சம் பொட்டாசியம் பர்சல்ஃபேட். 50 டிகிரியில் மணிக்கணக்கில் கலக்கினால் வெள்ளைப் பால் தயார். 1945இல் அமெரிக்க உற்பத்தி 7 லட்சம் டன்னைத் தாண்டிவிட்டது. ஆனா பாத்திரத்துக்குள்ள என்னதான் நடக்குது?

கலக்கும்போது எண்ணெய் மாதிரியான மோனோமர் துளித்துளியாக உடையும். அந்தத் துளியே இறுகித் துகளாகிறது என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். கணக்கு இடிக்குதே! துளி ஒரு மைக்ரானிலிருந்து 10 மைக்ரான் வரை இருக்கும். கடைசியில் கிடைக்கிற துகளோ 0.1 மைக்ரான் அளவுதான். வேலை துளியில் நடப்பதில்லை என்று ஜெர்மனியில் ஃபிக்கென்ட்ஷர் 1938லேயே சொல்லியிருந்தார்.

போர்க்கால ரப்பர் ஆய்வில் இருந்த சிகாகோ பல்கலைக்கழகத்தின் வில்லியம் ஹார்க்கின்ஸ், 1947இல் முழுப் படத்தையும் வரைந்து காட்டினார். தண்ணீரில் சோப்பு ஓர் அளவைத் தாண்டினால் அதன் மூலக்கூறுகள் சின்னச் சின்னக் கூட்டமாகச் சேரும். அதற்கு மைசெல் என்று பெயர். கொஞ்சம் மோனோமர் அதற்குள்ளும் கரைந்திருக்கும். ஒரு மில்லிலிட்டரில் துளிகள் சுமார் ஆயிரம் கோடி என்றால், மைசெல்கள் ஒன்றுக்குப் பின்னால் 18 சைபர். பர்சல்ஃபேட் உடைந்து தண்ணீரில் பிறக்கிற ரேடிக்கல் யார்மேல போய் மோதும்? நீங்களே சொல்லுங்க.

ரேடிக்கல் நுழைந்த மைசெல் துகளாகி வளரத் தொடங்குகிறது. அதற்கான மோனோமர் துளியிலிருந்து தண்ணீர் வழியாக வந்துகொண்டே இருக்கும். துளி வெறும் கிடங்குதான். வளருகிற துகள்கள் தங்கள் மேற்பரப்பை மூடிக்கொள்ளச் சோப்பை இழுத்துக்கொள்கின்றன. மைசெல்கள் தீர்ந்ததும் பிறப்பு நின்றுவிடும். அதன்பிறகு வளர்ச்சி மட்டும்.

1948இல் ஸ்மித், எவார்ட் இருவரும் இதற்குக் கணக்குப் போட்டார்கள். துகள்களின் எண்ணிக்கை சோப்பின் அளவில் 0.6 அடுக்குக்கும் ரேடிக்கலைத் தருகிற பொருளின் அளவில் 0.4 அடுக்குக்கும் ஏற்ப மாறும். ஒரு துகளுக்குள் ஒரு ரேடிக்கல் வந்தால் சங்கிலி வளரும், இரண்டாவது வந்தால் நின்றுபோகும். ஆகவே எந்த நேரத்திலும் பாதித் துகள்கள் விழிப்பு, பாதி தூக்கம். சங்கிலிகள் தனித்தனி அறைகளில் இருப்பதால் ஒன்றையொன்று முடித்துவைக்க முடியாது. வேகமும் கிடைக்குது, சங்கிலியும் நீளுது. ஆலைக்காரர்களுக்கு வேறென்ன வேணும்?

ஆனால் கதை அங்கே முடியவில்லை. மைசெல் உருவாகாத அளவுக்குச் சோப்பைக் குறைத்தாலும் துகள் பிறந்தது. தண்ணீரில் ஓரளவு கரையும் வினைல் அசிட்டேட்டில், சங்கிலி தண்ணீரிலேயே வளர்ந்து, கரைய முடியாத நீளம் வந்ததும் தானே சுருண்டு துகளாகிறது என்று 1952இல் பிரீஸ்ட் காட்டினார். 1973இல் நார்வேயின் உகெல்ஸ்டாடும் அவரோடு சேர்ந்தவர்களும் துளியையே ஒரு மைக்ரானுக்கும் கீழே உடைத்தார்கள். அப்போது துளிக்குள்ளேயே துகள் பிறந்தது. எல்லோரும் தள்ளிவைத்த அந்த முதல் ஊகம்!

ஆக, துளி தோற்றது அது துளி என்பதால் இல்லை. பெரிதாகவும் எண்ணிக்கையில் குறைவாகவும் இருந்ததால்தான். ரேடிக்கலுக்கு ஊரும் பேரும் முக்கியமில்லை. எதன் மேற்பரப்பு அதிகமாகப் பரந்து கிடக்கிறதோ, அங்கேதான் போய்ச் சேரும். எதுவுமே எதிரில் வராவிட்டால், தண்ணீரிலேயே தனக்கொரு வீடு கட்டிக்கொள்ளும்.