கல்லில் வாழும் மரம்

தமிழகக் கோயிற் கலையைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் கல்லைப் பற்றியே பேசுவர். கருங்கல்லைக் கனியச் செய்த சிற்பியின் புகழ் பாடப்படாத மேடை இல்லை. ஆயின், அக்கல்லுக்கு வடிவம் கற்பித்த ஆசிரியர் ஒருவர் உண்டு. அவர்தாம் மரத்தச்சர். சட்டத்தின் விளிம்பில் அவர் இழைத்த அணிவரிகள் எவ்வாறு கல்லில் ஏறி நின்றன என்பதைச் சுருங்கக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

7-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆண்ட முதலாம் மகேந்திரவர்மன், இன்றைய விழுப்புரம் மாவட்டத்து மண்டகப்பட்டில் ஒரு குடைவரைக் கோயிலை எடுத்தான். செங்கல், மரம், உலோகம், சுதை ஆகிய எதுவுமின்றி மும்மூர்த்திகளுக்கு இதனை அமைத்ததாக அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு அறிவிக்கின்றது. அவையின்றி எழுப்பியது பெருமைக்குரிய செய்தி எனின், அவற்றைக் கொண்டு எழுப்புவதே அதுவரை வழக்கம் என்பது சொல்லாமலே விளங்கும். அம்மரக் கோயில்கள் மழைக்கும் கறையானுக்கும் தீக்கும் இரையாயின. அவற்றின் வடிவம் மட்டும் அழியவில்லை. மாமல்லபுரத்துத் திரௌபதி தேர் கூரை வேய்ந்த குடிசையாகவும், வீமன் தேர் வண்டிக்கூடு போல் வளைந்த முகட்டோடும் நிற்பதைக் கண்டவர் இதனை உணர்வர்.

இதற்குச் சான்று தேடித் தமிழகம் வரை செல்ல வேண்டுவதுமில்லை. நாம் குடியேறி வாழும் இம்மராட்டிய மண்ணிலேயே, லோணாவளாவை அடுத்த கார்லேயில், ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகட்கு முன் பாறையைக் குடைந்தமைத்த பௌத்த மண்டபம் உள்ளது. அதன் வளைந்த கல் விதானத்தின் அடியில் மர விலாக்கள் வரிசையாகப் பொருத்தப்பட்டிருக்கின்றன. அவை எப்பாரத்தையும் தாங்கவில்லை. மலையே கூரையாக இருக்கும்போது மரச்சட்டம் எதற்கு? மரவீட்டில் பழகிய கண்ணுக்கு, அது இல்லையேல் கூரை கூரையாகத் தோன்றவில்லை போலும்! புதுக்கோட்டை மாவட்டத்து ஆவுடையார்கோயில் கொடுங்கையோ இன்னும் ஒரு படி மேலே செல்கின்றது. மரக் கைகளையும் அவற்றில் அறைந்த ஆணிகளின் தலைகளையும் கூடக் கல்லிலேயே செதுக்கி வைத்துள்ளனர்.

என் தந்தையார் மரத்தச்சர். கதவு நிலையிலும் சாளரச் சட்டத்திலும் அணிவரி எடுப்பதில் கைதேர்ந்தவர். அவ்வேலையைச் சிறுவனாக அருகிருந்து கண்டிருக்கிறேன். முதலில் சட்டத்தை இழைப்புளியால் சமன் செய்து, மூலைமட்டம் வைத்துச் சரிபார்ப்பார். பின்னர் விளிம்பிலிருந்து ஒரே அளவில் நீளக் கோடுகள் கீறுவார். கோட்டுக்கு வெளியே நிற்கும் மரத்தைப் படிப்படியாகக் களைவார். குழிவு வேண்டிய இடத்தில் வாய் வளைந்த உளி இறங்கும். புடைப்பு வேண்டிய இடத்தில் கூர்விளிம்பைச் சாய்வாகச் சீவிப் பட்டையாக்குவார். அப்பட்டையின் விளிம்புகளையும் மீண்டும் சீவுவார். பட்டைகள் பெருகப் பெருக முனைகள் மழுங்கி, இறுதியில் உருட்சி பிறக்கும். ரேகை ஓடும் திசையறியாமல் சீவினால் சிலாம்பு பெயர்ந்து அன்றைய உழைப்பே வீணாகும். முடிவில் கண்ணாடிச் சில்லால் சுரண்டி வழவழப்பாக்குவார்.

ஒருநாள் ஊர்க்கோயிலில் கருவறையின் அடித்தளத்தைச் சுட்டிக்காட்டி, உபானம், ஜகதி, குமுதம், கண்டம், பட்டிகை எனக் கீழிருந்து மேலாகச் சொல்லிக் கொடுத்தார். குமுதம் சில கோயில்களில் உருண்டிருக்கும். சிலவற்றில் மூன்று பட்டைகளாக நிற்கும். அங்கிருந்தது முப்பட்டைக் குமுதம். அதனைத் தடவியவாறே, “பாத்தியா தம்பி, உருட்டறதுக்கு முன்னாடி நாம பட்டை போட்டு நிறுத்துவோமே, அதேதான். கல்தச்சர் நம்மகிட்ட வாங்கின கடன் இது” என்றார். அது ஆய்வுரையன்று, தொழிலறிந்த கையின் தீர்ப்பு. கார்லேயின் மர விலாக்களைப் பின்னாளில் கண்டபோது அச்சொல்லே என் நினைவுக்கு வந்தது. இன்றும் நம் தேர்களைப் பாருங்கள்: இலுப்பை மரத்தில் அடுக்கடுக்காய் எழும் தேர்ப்பீடத்தில் அதே உறுப்புகள் மரமாகவே வாழ்கின்றன.

இங்கிலாந்தில் சாமுவேல் பென்தம் 1793-இல் பெற்ற காப்புரிமை, மரம் இழைக்கும் எந்திரங்களின் தொடக்கங்களுள் ஒன்று. இன்று அணிவரிகள் எந்திரத்தில் ஓடி, அடிக்கணக்கில் கடைக்கு வருகின்றன. அதனைப் பழிப்பதற்கில்லை. தோள்வலியோடு இரவெல்லாம் புரண்ட என் தந்தையாரே அதனை வரவேற்றிருப்பார். தம் மகன் உளி பிடிக்கலாகாது, அரசுப் பணியில் அமர வேண்டும் என்று விரும்பியவரும் அவரே. அவ்விருப்பம் நிறைவேறிற்று.

அவருடைய கருவிப்பெட்டி இன்று என் குடியிருப்பில் உள்ளது. அதிலுள்ள இழைப்புளிகள் ஒவ்வொன்றுக்கும் அவர் ஒரு பெயர் வைத்திருந்தார். அவர் இருந்த நாளில் நான் கேட்டு எழுதிக்கொள்ளவில்லை. என் மகள் அண்மையில் ஒன்றை எடுத்து, “அப்பா, இதுக்குப் பேர் என்ன?” என்று வினவியபோது, கோப்புகளில் நாள்தோறும் குறிப்பெழுதும் நான் விடையின்றி நின்றேன்.

கல்லில் ஏறிய வடிவம் காக்கப்பட்டது. நாவில் நின்ற சொல்லோ ஒரு தலைமுறையில் மறைந்தது. நம் இல்லங்களில் தொழிலறிந்த முதியோர் இன்னும் இருப்பின், ஊருக்குச் செல்லும் அடுத்த விடுமுறையில் ஓர் ஏட்டோடு அவர்கள் அருகில் அமருங்கள். கோயிற் கலைக்கு நாம் செய்யும் திருப்பணிகளுள் அதுவும் ஒன்றாகும்.