வீதியிலிருந்து ஓர் இல்லத்துக்கு: எந்தக் கிராம அலுவலர் கையெழுத்திடுவார்?

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் இரவுகளைக் கழித்த முதியவர் ஒருவரை முதியோர் இல்லத்தில் சேர்க்க எனக்கு மூன்று மாதங்கள் பிடித்தன. இல்லத்தில் இடம் இருந்தது. அவரிடம் அடையாள அட்டை இருக்கவில்லை.

அதற்கு முன்பே ஒரு தடை இருந்தது. "தம்பி, அங்க கொண்டுபோய் விட்டா வெளிய வர விடுவினமோ?" என்றுதான் அவர் முதலில் கேட்டார். அவருடைய பயம் வீண் பயமல்ல. 1841 ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம், பிழைப்புக்கு வழியின்றி அடுத்தவர் விறாந்தையிலோ ஆளில்லாத கட்டடத்திலோ தங்குபவரைக் குற்றவாளியாகப் பார்க்கிறது. 1907 இல் வந்த இன்னொரு கட்டளைச் சட்டம் அப்படிப்பட்டவர்களுக்கென்றே தடுப்பு இல்லங்களை உருவாக்கியது. 'இல்லம்' என்ற சொல்லைக் கேட்டதும் வீதியில் இருப்பவருக்குப் பொலிஸ் நினைவுக்கு வந்தால் அது அவருடைய பிழையல்ல. ஆகவே முதலில் நான் மட்டும் போய் இல்லத்தைப் பார்த்தேன். சொல்லிவிட்டு வெளியே போய்வரலாம் என்று அங்கே உறுதிப்படுத்திக்கொண்ட பிறகுதான் அவரிடம் மறுபடி பேசினேன்.

பிறகு கடதாசி வேலை. இல்லங்கள் வழமையாகக் கேட்பவை அடையாள அட்டை, கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல், மருத்துவ அறிக்கை. தொலைந்த அடையாள அட்டைக்குப் பொலிஸ் முறைப்பாட்டின் பிரதியோடு கிராம அலுவலர் ஊடாக விண்ணப்பிக்க வேண்டும். வதிவிடமே இல்லாதவருக்கு எந்தக் கிராம அலுவலர்? பஸ் நிலையம் இருக்கும் பிரிவில், இவர் எங்கள் பதிவில் இல்லை என்றார்கள். இடம்பெயர்வதற்கு முன் அவர் வாழ்ந்த ஊரில், இவர் இங்கே இருந்து இருபது வருடமாகிறது என்றார்கள். இரண்டுமே உண்மைதான்.

வழி திறந்தது பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரால். கிராம அலுவலரிடம் அலைவதற்கு முன் இவரிடம் போயிருந்தால் ஒரு மாதம் மிஞ்சியிருக்கும். பிறப்புச் சான்றிதழின் இலக்கம் தெரியாவிட்டாலும் பிறந்த இடமும் உத்தேச ஆண்டும் தெரிந்தால் பதிவேட்டில் தேடும்படி விண்ணப்பிக்கலாம் என்பதை அவர்தான் சொன்னார். தேடியும் பதிவு கிடைக்காதவர்களுக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் இருக்கிறது. நல்லவேளையாக ஐயாவின் பதிவு கிடைத்தது.

வடக்கில் கைதடியில் அரச முதியோர் இல்லம் உண்டு; சமய அமைப்புகள் நடத்தும் இல்லங்களும் உண்டு. ஐயா போனது அப்படியான ஒன்றுக்கு. உளநோய் உள்ளவரென்றால் முதலில் வைத்தியசாலையின் உளநல சிகிச்சைப் பிரிவுக்குத்தான் அழைத்துப்போக வேண்டும். இல்லங்கள் பெரும்பாலும் நேரடியாக ஏற்பதில்லை. ஆனால் 60 வயதாகாத, நோயுமில்லாத ஒருவர் வீதியில் படுத்தால் அவரை எங்கே கூட்டிப்போவது? இந்தக் கேள்வியை நான் கேட்ட ஒவ்வொரு மேசையிலும் அடுத்த மேசையைக் காட்டினார்கள். முதுமைக்கும் பிள்ளைப் பருவத்துக்கும் சட்டத்தில் இடமிருக்கிறது. நடுவயதில் வீடிழந்தவருக்கு மிஞ்சுவது அந்த 1841 ஆம் ஆண்டுச் சட்டம்தான்.

போகும் நாளில் ஐயா தன் உரப்பையைத் தரமாட்டேன் என்றார். அழுக்கென்று யாரும் எறிந்துவிடக் கூடாது என்று இல்லத்தில் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தேன். உள்ளே ஒரு சாரம், சவர்க்காரத் துண்டு, பொலித்தீனில் சுற்றிய, பூட்டே இல்லாமல் போன ஒரு வீட்டின் திறப்பு. அது இப்போது அவருடைய கட்டிலுக்கு அருகே தொங்குகிறது. முதல் இரண்டு வாரமும் பஸ் ஏறி நகரத்துக்கு வந்து, மாலையில் திரும்பிப் போனார். யாரும் தடுக்கவில்லை. மூன்றாவது வாரம் அவர் வரவில்லை என்று தேநீர்க் கடைக்காரர் எனக்குத் தொலைபேசியில் சொன்னார். பதறிப்போய் இல்லத்துக்கு எடுத்தேன். ஐயா மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நித்திரை என்றார்கள்.